சிப்பாய்க்குக் கூண்டு, தளபதிக்குத் தூதர் பதவியா?



கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடிக்கிற நேரத்துல படிச்சு முடிச்சிடலாம். முழுசா படிங்க, படிச்சுட்டுப் பகிருங்க.

2025 மார்ச் 24 அன்று பிரிட்டன் அரசு நாலு பேர் மேல தடை போட்டது. பிரிட்டனுக்குள் நுழையக் கூடாது, அங்கே சொத்து இருந்தால் முடக்கப்படும். காரணம், இலங்கைப் போரில் நடந்த கடுமையான மனித உரிமை மீறல்கள். அந்த நாலு பேரில் சவேந்திர சில்வாவை நமக்குத் தெரியும். கடற்படைத் தளபதியாக இருந்த வசந்த கரன்னகொடவைத் தெரியும். கருணாவைச் சொல்லவே வேண்டாம். நாலாவது பேரைத்தான் நம்ம ஆட்கள்ல பலபேர் கவனிக்காமல் தாண்டிப் போயிட்டாங்க.

ஜகத் ஜயசூரிய.

யார் இவர்? 2007 முதல் 2009 ஜூலை வரை இலங்கை ராணுவத்தின் வன்னிப் பாதுகாப்புப் படைத் தலைமையகத் தளபதி. கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று நாம வருஷா வருஷம் மே 18-ல் சொல்லி அழுகிற ஊர்கள் எல்லாம் எந்த வன்னியில் இருக்கிறதோ, அந்த வன்னிக்கான பிராந்தியத் தளபதி.

தளபதின்னா நம்ம ஊர்ல போஸ்டர்ல போடுற பட்டம். ரசிகர் மன்றத்துக்காரங்க கொடுக்கலாம், வட்டச் செயலாளர் கொடுக்கலாம், செலவு கிடையாது. ராணுவத்துல அது பட்டம் இல்லை உறவுகளே, பொறுப்பு. இந்த வித்தியாசம் புரியாத வரைக்கும் இனப்படுகொலைக்கு நீதின்னு நாம போடுற கோஷம் காற்றுலதான் போகும். ஏன்னா நீதி கேட்கிறவன் யார்கிட்ட கணக்குக் கேட்கணும்னு தெரிஞ்சு வச்சிருக்கணும்.

🔴 பிராந்தியத் தளபதியின் வேலை என்ன?

கொழும்பில் ராணுவத் தளபதி. போர் நடந்தபோது அது சரத் பொன்சேகா. அவருக்குக் கீழே யாழ்ப்பாணம், வன்னி, கிழக்கு என்று பிராந்தியத் தலைமையகங்கள். அதுக்குக் கீழே டிவிஷன்கள். வன்னிப் போரில் முன்னேறிய 57-வது டிவிஷன், 58-வது டிவிஷன் என்று பேர் கேட்டிருப்பீங்க. அதுக்கும் கீழே பிரிகேட், பட்டாலியன், கடைசியில் துப்பாக்கி பிடிச்ச சிப்பாய்.

சிப்பாய்க்கு முன்னால இருக்கிற மரம்தான் தெரியும். மொத்தப் பிராந்தியத்தின் வரைபடமும் விரிந்து கிடக்கிற மேசை தலைமையகத்தில்தான் இருக்கும். எங்கே என்ன நடந்தது என்ற தகவல் கீழிருந்து மேலே போவதும், இனி என்ன செய்யணும் என்ற உத்தரவு மேலிருந்து கீழே வருவதும் இந்தப் படிகள் வழியாகத்தான். பிடிபட்டவர் எங்கே வைக்கப்பட்டார், விசாரித்தது யார் என்ற கணக்கும் அந்த வழியில்தான் இருக்கணும்.

இதை மனசுல வச்சுக்கிட்டு 2009-க்குப் போங்க. ஜனவரியில் சுமார் 35 சதுர கிலோமீட்டர் இடத்தைத் தாக்குதலற்ற வலயம்னு இலங்கை அரசே அறிவித்தது. மக்கள் அதை நம்பி உள்ளே போனாங்க. அந்த வலயத்துக்குள் குண்டு விழுந்தது. பிப்ரவரியில் இரண்டாவது வலயம், மே மாதம் மூன்றாவது வலயம். இடம் சுருங்கிக்கொண்டே போனது, குண்டு நிற்கவில்லை. மருத்துவமனைகள் எங்கே இருக்கின்றன என்ற விவரம் அரசுக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தது. அப்படியும் வன்னியில் போர் முனையில் இருந்த மருத்துவமனைகள் தாக்கப்பட்டன. இதைச் சொல்வது நம்ம கட்சி இல்லை. 2011-ல் ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த நிபுணர் குழுவின் அறிக்கை. 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்று எழுதியதும் அந்தக் குழுதான். 2012-ல் ஐ.நா. தன் சொந்தச் செயல்பாட்டையே ஆராய்ந்த இன்னொரு அறிக்கை 70,000-க்கு மேல்கூட இருக்கலாம் என்றது.

இவ்வளவு பேர் செத்த நிலப்பரப்புக்கு ஒரு பிராந்தியத் தலைமையகம் இருந்தது. அதுக்கு ஒரு தளபதி இருந்தார். அவர்கிட்ட ஒரே ஒரு நாள், ஒரே ஒரு நீதிமன்றம், "உங்களுக்கு என்ன தெரியும், எப்போ தெரியும், தடுக்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டிருக்கா?

இல்லை. அதுக்குப் பதிலா நடந்ததைப் பாருங்க.

2009 ஜூலை: ராணுவத் தளபதியாகப் பதவி உயர்வு.
2013: முப்படைகளின் தலைமை அதிகாரி.
2015: பிரேசிலுக்கான தூதர்.

2017 ஆகஸ்டில் மனித உரிமை அமைப்புகள் பிரேசிலிலும் கொலம்பியாவிலும் அவர் மேல வழக்குத் தொடுத்தன. மருத்துவமனைகள் மீதான தாக்குதல், சித்திரவதை, காணாமல் ஆக்குதல், படுகொலை ஆகியவற்றில் ஈடுபட்ட படைப்பிரிவுகள் அவர் பொறுப்பில் இருந்தன என்பது குற்றச்சாட்டு. வவுனியாவில் வன்னித் தலைமையகம் இருந்த ஜோசப் முகாமில் சித்திரவதைக்கு உள்ளானதாகச் சொன்ன உயிர் பிழைத்தவர்களின் வாக்குமூலங்களும் இருந்தன. அந்தச் சமயத்தில் அவர் பிரேசிலை விட்டுக் கிளம்பியிருந்தார். பணிக்காலம் முடிந்ததால் திரும்பியதாகச் சொன்னார், குற்றச்சாட்டுகளை மறுத்தார். மறுக்கட்டும். மறுப்பது அவர் உரிமை. அந்த மறுப்பை ஒரு நீதிபதி முன்னால் சொல்லட்டும் என்பதுதான் நம்ம கோரிக்கை.

ஆனா அன்றைய அதிபர் மைத்திரிபால சிறிசேன என்ன சொன்னார்? ஜயசூரியவையோ வேறு எந்தப் போர் வீரரையோ உலகில் யாரும் தொட விடமாட்டேன் என்றார். கூத்து என்னன்னா, அதே சமயத்தில் அவர் அமைச்சரவையிலேயே இருந்த சரத் பொன்சேகா, கைது செய்யப்பட்டவர்கள் விஷயத்தில் ஜயசூரிய குற்றம் செய்ததாகத் தனக்குத் தகவல் வந்தது, முறையான விசாரணை நடந்தால் சாட்சி சொல்லத் தயார் என்றார். பொன்சேகாவும் ஜயசூரியவும் ஒருத்தருக்கு ஒருத்தர் ஆகாதவங்க, அதையும் சேர்த்தே எடைபோடுங்க. ஆனா போரை நடத்திய ராணுவத் தளபதியே "சாட்சி சொல்றேன்" என்ற பிறகும் ஒரு நாடு விசாரிக்காமல் இருக்குன்னா, அங்கே இல்லாதது ஆதாரமா, மனசா?

🔴 இது ஒருத்தர் கதை இல்லை

57-வது டிவிஷன் தளபதி ஜகத் டயஸ், போர் முடிந்ததும் ஜெர்மனியில் துணைத் தூதர். 58-வது டிவிஷன் தளபதி சவேந்திர சில்வா, நியூயார்க்கில் ஐ.நா.வுக்கான துணை நிரந்தரப் பிரதிநிதி. அமெரிக்காவில் அவர் மேல வழக்குப் போட்டபோது தூதருக்கான சட்டப் பாதுகாப்பைக் காட்டித் தள்ளுபடி ஆனது. 2019-ல் அவரை ராணுவத் தளபதி ஆக்கினார்கள். 2020 பிப்ரவரியில் அமெரிக்கா அவர் நுழையத் தடை போட்டது. அதுக்கப்புறமும் முப்படைகளின் தலைமை அதிகாரியாக்கி, 2024 கடைசி நாள் வரை அந்த நாற்காலியில் வைத்திருந்தார்கள். 53-வது டிவிஷனின் கமல் குணரத்ன பிரேசிலில் துணைத் தூதர், பிறகு பாதுகாப்புச் செயலாளர்.

தூதர் பதவின்னா வெறும் கௌரவம்னு நினைக்காதீங்க. தூதராக இருக்கிற நாட்டு போலீஸ் தொட முடியாத கவசம் அது.

இப்போ கீழே பாருங்க. 2000 டிசம்பரில் மிருசுவிலில் எட்டுத் தமிழர்கள் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டார்கள். 15 வருஷம் கழிச்சு 2015-ல் தண்டனை கிடைத்தது ஒரே ஒருத்தருக்கு. அவர் சார்ஜன்ட். உச்ச நீதிமன்றமும் அந்தத் தண்டனையை உறுதி செய்தது. அவரையும் 2020 மார்ச்சில், ஊரே கொரோனாவில் அடைபட்டுக் கிடந்தபோது, கோத்தபய ராஜபக்ச மன்னித்து வெளியே விட்டார்.

செம்மணி. 1996-ல் ஒரு பள்ளி மாணவியும், அவரைத் தேடிப் போன குடும்பத்தாரும் கொல்லப்பட்ட வழக்கு. 1998-ல் தண்டனை பெற்றவர்களில் ஒருவரான லான்ஸ் கார்ப்பரல், செம்மணியில் 300 முதல் 400 உடல்கள் புதைக்கப்பட்டிருக்கின்றன என்று நீதிமன்றத்திலேயே சொன்னார். 2025-ல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டத் தோண்ட 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். குழந்தைகளின் எலும்புகளும் இருந்தன. அந்த நாட்களில் யாழ்ப்பாணத்துக்கு ஒரு ராணுவத் தலைமை இருந்ததே, அதை யாராவது கூண்டில் ஏற்றினார்களா?

பாருங்க அமைப்பை. குழி தோண்டினவன் கூண்டில். தோண்டச் சொன்னது யார் என்ற கேள்வி காற்றில். மேலே போகப் போகத் தண்டனை குறையுது, பதக்கம் கூடுது.

🔴 உலகச் சட்டம் என்ன சொல்லுது?

"தளபதி கையால யாரையும் சுடலையே"ன்னு ஒரு வாதம் வரும். இந்த வாதத்துக்கு 80 வருஷத்துக்கு முன்னாடியே பதில் சொல்லியாச்சு.

இரண்டாம் உலகப் போரில் பிலிப்பைன்ஸில் ஜப்பான் படைக்குத் தளபதி யமஷிதா. மணிலாவில் அவர் படை நடத்திய படுகொலைகளுக்கு, அவர் நேரடியாக உத்தரவிட்டார் என்று நிரூபிக்காமலேயே அவரைப் பொறுப்பாக்கி 1946 பிப்ரவரியில் தூக்கிலிட்டார்கள். அது அவசரத் தீர்ப்பு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளே எதிர்த்து எழுதினார்கள். அந்த விமர்சனத்தையும் தாண்டி விதி தெளிவானது. 1977-ல் ஜெனீவா ஒப்பந்தங்களின் கூடுதல் நெறிமுறையில் அதை எழுதியே வைத்தார்கள். கீழே இருக்கிறவன் குற்றம் செய்கிறான் என்று தளபதிக்குத் தெரிந்திருந்தால், அல்லது தெரிந்துகொள்ளும் அளவுக்குத் தகவல் இருந்தால், தன்னால் முடிந்த வழியில் தடுக்கணும், நடந்த பிறகாவது தண்டிக்கணும். இரண்டும் செய்யலைன்னா அவரும் பொறுப்பு.

இன்னும் பொருத்தமான உதாரணம் போஸ்னியா. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் 7,000-க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். அந்தப் பகுதிக்கான செர்பியப் படைப்பிரிவு டிரினா கோர். அதன் தளபதி ராடிஸ்லாவ் கிர்ஸ்டிச். கிட்டத்தட்ட வன்னித் தளபதி மாதிரியான பதவி. 2001-ல் சர்வதேச நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. 2004 மேல்முறையீட்டில், தன் படையும் தளவாடங்களும் கொலைக்குப் பயன்படுவது தெரிந்தே விட்டார் என்று, இனப்படுகொலைக்குத் துணைபோன குற்றத்துக்கு 35 ஆண்டு சிறை. ஐரோப்பாவில் ஒரு பிராந்தியத் தளபதியைக் கேட்க முடியும்னா, வன்னியில் ஏன் முடியாது? செத்தவன் தமிழன் என்பதாலா?

🔴 காஞ்சிபுரத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

கமெண்ட்ல கட்டாயம் ஒருத்தர் கேட்பார்: "தறி ஓடலை, பட்டு விலையும் ஜரிகை விலையும் ஏறிக் கிடக்கு, அதை விட்டுட்டு வன்னிக்கு ஏன் போறீங்க?"

அண்ணே, நெசவாளர் கூலிக்கும் நம்ம கட்சி தெருவுல நிற்குது, நிற்கும். ஆனா நெசவாளிக்குத்தான் இந்த விஷயம் சுலபமாப் புரியும். பிள்ளையார்பாளையத்துல ஒரு சேலையில் கோர்வை பிசகினால், எந்தத் தறி, யார் நெய்தது என்று தேடிப் பிடித்துக் கூலியில் கழிக்கிறாங்க. ஒரு சேலைக்கு இருக்கிற கணக்கு, 40,000 உயிருக்கு இல்லைங்கறதுதான் நம்ம கேள்வி.

அதே பிள்ளையார்பாளையத்துக்குப் பக்கத்துல கைலாசநாதர் கோயில். ராஜசிம்ம பல்லவன் கட்டினது. அடுத்த முறை போகும்போது அங்கே ஒரு தூணில் இருக்கிற கன்னடக் கல்வெட்டைத் தேடிப் பாருங்க. சுமார் 740-ல் காஞ்சியைப் பிடித்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் வெட்டியது. ஊரை அழிக்கவில்லை, கோயில் செல்வத்தைப் பார்த்துவிட்டு அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தேன் என்பது சாரம். அவன் நம்ம பகைவன். வாதாபித் தோல்விக்குப் பழிவாங்க வந்த வம்சம். கல்வெட்டில் தன் பெருமையைத்தான் பேசுவான், அதுவும் தெரியும். ஆனாலும், ஜெயிச்ச ஊரில் நான் என்ன செய்தேன் என்று பேரோடு கல்லில் எழுதி வச்சுட்டுப் போனான். ஏறக்குறைய 1,280 வருஷம் கழிச்சும் நாம வாசிச்சு உண்மையா பொய்யா என்று விவாதிக்கலாம்.

"வாதாபியை அழிச்சது உங்க தமிழ்த் தளபதிதானே?" என்று குதிப்பவர்களுக்கும் பதில் இதுதான். ஆமா. 642 வாக்கில் நரசிம்மவர்மனுக்காகப் படை நடத்தியவர் பரஞ்சோதி. பேர் தெரியும், ஊர் தெரியும், அவர் வாளை விட்டுச் சிறுத்தொண்டர் ஆன கதை பெரியபுராணத்தில் இருக்கு. நாம யார் பேரையும் மறைக்கலை. ஏழாம் நூற்றாண்டுப் போருக்கே தளபதி பேர் தெரிகிற நாட்டில் நின்றுகொண்டு, 2009-ல் எந்த உத்தரவை யார் போட்டார் என்று கேட்டால் மட்டும் தேசப் பாதுகாப்பு ரகசியமா?

🔴 எதிர்க்கேள்விகளுக்குப் பதில்

👉 "புலிகள் செய்யாத தப்பா?"
ஐ.நா. அறிக்கையில் புலிகள் மீதான குற்றச்சாட்டுகளும் இருக்கு. மக்களை வெளியேற விடாதது, கட்டாய ஆள்சேர்ப்பு, எல்லாம் எழுதியிருக்கு. அந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டுப் படிக்கச் சொல்லலை. பிரிட்டன் பட்டியலில் கருணாவும் இருக்கார், அவரும் தமிழர்தான். "அவரை விட்டுடுங்க"ன்னு நாம கேட்டோமா? எல்லாரையும் விசாரிங்கன்னு சொல்றவனுக்குப் பயம் கிடையாது. யாரையும் தொடாதேன்னு சொல்றவனுக்குத்தான் பயம்.

👉 "இந்திய ராணுவம் போனப்போ?"
அதையும் கேட்போம். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் மருத்துவர்கள், செவிலியர்கள், நோயாளிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அமைதிப்படை மொத்தமும் அப்போ இந்திய ராணுவத்தின் தென்பிராந்தியத் தளபதி தீபிந்தர் சிங் பொறுப்பில் இருந்தது. அந்தச் சம்பவத்துக்கு இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. அளவுகோல் ஒன்றுதான். கொழும்புக்கு ஒன்று, டெல்லிக்கு ஒன்றுன்னு நம்மகிட்ட இரண்டு இல்லை.

👉 "இலங்கையைப் பகைச்சா சீனா வந்துடும்."
2009 மே மாதம், முள்ளிவாய்க்கால் ஈரம் காயும் முன்னே, ஜெனீவாவில் இலங்கைக்கு ஆதரவாக இந்தியா வாக்களித்தது. என்ன கிடைச்சது? 2017-ல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 வருஷக் குத்தகைக்குச் சீனாவுக்குப் போச்சு. 2012, 2013-ல் தமிழ்நாடு கொதிச்சதால் எதிர்த்து வாக்களித்த டெல்லி, 2014, 2021, 2022-ல் ஒதுங்கி நின்றது. ஒதுங்கி நின்றதுக்காக ஒரு மீனவன் படகாவது திரும்பி வந்துச்சா?

👉 "இப்போ புது ஆட்சி, அநுர வந்துட்டாரே?"
பிரிட்டன் தடை வந்ததும் அநுர அரசு என்ன சொன்னது தெரியுமா? இது ஒருதலைப்பட்சமான நடவடிக்கை, உள்நாட்டிலேயே பார்த்துக்கிறோம். ராஜபக்ச சொன்னது, சிறிசேன சொன்னது, இப்போ இவரும். கட்சி மாறினாலும் தளபதி விஷயத்தில் வசனம் மாறலை.

🔴 நாம கேட்பது என்ன?

1. பிரிட்டன் தடை விதித்தவர்களுக்கு இந்தியா விசா மறுக்கணும். இதுக்கு நாடாளுமன்றத்தில் புதுச் சட்டம் தேவையில்லை. ஒரு அரசாணை போதும், மனசு வேணும்.

2. ஜெனீவாவில் இனி ஒதுங்கல் கூடாது. சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் ஐ.நா. பணிக்கு இந்தியா வெளிப்படையாக ஆதரவு தரணும். தாய்மார்கள் 2017-லிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் போட்டோவோடு உட்கார்ந்திருக்காங்க. பிள்ளையை ராணுவத்திடம் கையில் பிடிச்சு ஒப்படைச்சவங்க அவங்க. பல பேர் பதில் கிடைக்காமலேயே செத்துப்போயிட்டாங்க. சாட்சிக்கு வயசாகுது, தளபதிக்கு ஓய்வூதியம் ஏறுது.

3. தமிழ்நாட்டு மண்ணில் இலங்கைப் படையினருக்குப் பயிற்சி கூடாது. 2012 ஜூலையில் தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இலங்கை விமானப்படையினருக்குப் பயிற்சி கொடுத்தாங்க. தாம்பரம் அன்னைக்கு நம்ம காஞ்சிபுரம் மாவட்டம். தமிழ்நாடே எதிர்த்தது, அன்றைய முதல்வர் ஜெயலலிதாவும் எதிர்த்தார். உடனே பெங்களூருவுக்கு மாத்தினாங்க. கேட்டால் நடக்கும் என்பதுக்கு நம்ம மாவட்டமே சாட்சி.

4. 2013 மார்ச் 27-ல் தமிழ்நாடு சட்டமன்றம் தனி ஈழத்துக்கான பொது வாக்கெடுப்பு கேட்டுத் தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்தை டெல்லி எந்த அலமாரியில் வச்சிருக்குன்னு நம்ம எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் எழுந்து கேட்கணும்.

🔴 உங்களுக்கு ஒரு வேலை

ஆவேசமா எழுதுங்க, ஆனா சரியா எழுதுங்க. எங்கேயோ நடந்த வேறு போரின் படத்தை எடுத்து முள்ளிவாய்க்கால்னு போடாதீங்க. ஒரு பொய்ப் படம் நூறு உண்மைச் சாட்சியைக் கெடுத்துடும், எதிராளி அதைத்தான் காத்துக்கிட்டிருக்கான். சிங்கள மக்களைத் திட்டாதீங்க. அங்கே தெற்கிலும் பிள்ளையைத் தொலைச்ச தாய்மார்கள் ஆயிரக்கணக்கில் இருக்காங்க. அவங்க பிள்ளைகளைத் தூக்கிட்டுப் போனதும் இதே அரசுதான். கேள்வி ஒரு இனத்துக்கு இல்லை, நாற்காலிக்கு.

"ராணுவம் கொன்றது"ன்னு மட்டும் எழுதி நிறுத்தாதீங்க. எந்தப் பிராந்தியம், எந்தக் காலம், யார் பொறுப்பில் என்று எழுதுங்க. ராணுவம்னு சொன்னா லட்சம் பேருக்குப் பின்னால ஒருத்தர் ஒளிஞ்சுக்கலாம். பேரும் பதவியும் தேதியும் சொன்னா ஒளிய இடம் இல்லை.

அண்ணா பிறந்த ஊர்லேருந்து எழுதுறோம். டெல்லியைப் பார்த்துக் கேள்வி கேட்க இந்த ஊருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்தப் பதிவை உங்க தெரு வாட்ஸ்அப் குழுவில் போடுங்க. சங்கத்துல, டீக்கடையில, கல்லூரியில பேசுங்க. வர்ற மே 18-க்கு மெழுகுவத்தியோடு சேர்த்து ஒரு கேள்வியையும் கையில் எடுத்துட்டு வாங்க:

வன்னித் தளபதியே, உனக்கு என்ன தெரியும்? எப்போ தெரியும்? தடுக்க என்ன செய்தாய்?

பதில் வரும் வரை கேட்போம்.

தகவல் தொழில்நுட்பப் பிரிவு,
காஞ்சிபுரம்

#வன்னித்_தளபதியை_விசாரி #இனப்படுகொலைக்கு_நீதி #காஞ்சியின்_குரல்